உருமாலில் செருகிய இரண்டு மைக்

கிணத்துக்கடவில் பாலுசாமியின் வீட்டுக்கு முதல்முறை விருந்தாக வருகிற ஒறம்பரைகள் தண்ணீர்ச் சொம்பை வாங்கிக்கொண்டே கேட்கிற கேள்வி ஒன்றுதான். தரையில் விரிக்கிற பவானி ஜமுக்காளம் எதற்காகச் சுவரில் தொங்குகிறது? பதில் சொல்வது அவர் மனைவி தெய்வாத்தாளின் வேலை. "எதிரொலி கேக்குதாமுங்க," என்பாள். அதற்கு மேல் கேட்டால், "அவருகிட்டயே கேளுங்க, நான் காப்பி போட்டுட்டு வாரேன்," என்று அடுப்படிக்குள் போய்விடுவாள். அவரிடம் கேட்டவர்கள் லேசில் தப்பியதில்லை. காப்பி ஆறி ஆடை கட்டினாலும் பேச்சு முடியாது.

கூடத்தில் இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். எதிரே ஒரே ஒரு மர நாற்காலி. அதன் கால்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். பாலுசாமி கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் வைண்டிங் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது தென்னந்தோப்போடு சரி. ஆனால் அந்த டேப் சட்டைப்பையில் இல்லாத நாள் கிடையாது. வீடு துடைக்கும்போது நாற்காலி விரற்கடை நகர்ந்துவிட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

"பாடறவங்க எடது பக்கமா நகந்துட்டாங்க தெய்வா."

"நின்னு நின்னு கால் வலிச்சிருக்குமுங்க. நகரட்டும்," என்பாள் அவள், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே.

கண்ணை மூடினால் பாடுகிறவர் வீட்டுக்குள் வந்து நிற்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். அதற்காக ரெக்கார்டு பிளேயர் வந்தது. அதன் கீறல் சத்தம் பொறுக்காமல் கேசட் வந்தது. கேசட்டின் இரைச்சல் பொறுக்காமல் சிடி வந்தது. சிடியில் இரைச்சலே இல்லாததும் பொறுக்காமல் பழைய ரெக்கார்டு பிளேயரே மறுபடி பரணிலிருந்து இறங்கியது. கடைசியாக, உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி வைக்கிற குட்டி ஸ்பீக்கர்களும் வந்து சேர்ந்தன. புதிதாக எது வந்தாலும் தெய்வாத்தாளைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரவைப்பார். பாட்டு முடிந்ததும், "இப்ப?" என்பார்.

"நல்லா இருக்குதுங்க."

அந்த வீட்டில் இந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்பது கல்யாணமான முதல் மாதமே பாலுசாமிக்கு விளங்கிவிட்டது. தெய்வாத்தாளுக்கு ஒன்று பிடித்துப்போனால் குறை சொல்லுவாள். சேலைக்குக் கரை சின்னது என்றால் அதைத்தான் கட்டப்போகிறாள். மரியாதையாக "நல்லா இருக்குதுங்க" என்றாளானால் காரியம் அதோடு முடிந்தது. அவர் முகம் கொஞ்சம் வாடும். அவளுக்கும் அது தெரியும். ஆனால் பொய்யாகக் குறை கண்டுபிடிக்க அவளுக்கு வராது.

அவளுக்கென்று ஒரு பாட்டு அகப்பட்டது நாற்பத்தெட்டாவது வயதில்தான். வள்ளிக்கும்மி பழக்குகிறேன் என்று காளிச்சாமி வாத்தியார் ஊருக்கு வந்தார். பக்கத்துத் தோட்டத்துக் குழந்தையம்மாள், "சும்மா வா அக்கா, பாத்துப்போட்டு வந்தரலாம்," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பார்க்கப் போனவள் மறுநாளே ஆடப் போனாள். வாத்தியார் நடுவில் நின்று பாடுவார். சுற்றிலும் வளையமாக ஆணும் பெண்ணும் சிறுசுகளும் கைதட்டிக்கொண்டே அடியெடுத்து வைத்துச் சுற்றுவார்கள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, திரும்பி ஒரு தட்டு. சாயங்காலம் பொழுதோடு தொடங்கினால் சேலை நனைந்து முதுகில் ஒட்டுகிற வரை ஆடுவாள். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போது உள்ளங்கை காந்தும். அந்தக் காந்தல் அவளுக்குப் பிடித்திருந்தது.

பாலுசாமி ஒரே ஒருமுறை பார்க்க வந்தார். கம்பத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே நின்றவர், இரண்டாவது பாட்டுக்கே காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"அது காளிச்சாமி குரலா? தகர டப்பாவுக்குள்ள கல்லைப் போட்டுக் குலுக்குன மாதிரி இருக்குது. எப்படிப் புள்ள அதுல போய் நிக்கறீங்க?"

"நாங்க ஸ்பீக்கருக்கா ஆடறோம்? போங்க, போய் உங்க நாக்காலியில உக்காருங்க."

அதற்குப் பிறகு அவர் பாட்டு அவருக்கு, அவள் கும்மி அவளுக்கு என்று ஆனது. சண்டையொன்றும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மாதிரி அதுபாட்டுக்கு எரிந்தது.

ஐப்பசி மழையில் களத்துமேட்டில் கிடந்த தென்னை மட்டையில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள் தெய்வாத்தாள். இடுப்பு முறிந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நல்லபடியாகத்தான் சொன்னார்: நடக்கலாம், சமைக்கலாம், பஸ் ஏறலாம். குதிக்கிறது, குனிந்து சுற்றுகிறது மட்டும் இனி வேண்டாம்.

"கும்மிங்களா?" என்று அவள் கேட்டாள்.

"உக்காந்து பாருங்கம்மா," என்றார் டாக்டர்.

உட்கார்ந்து பார்ப்பதற்கு அவள் மனசு ஒப்பவில்லை. மாசியில் ஆனைமலைப் பக்கம் ஒரு கோயில் நோம்பித் திருவிழாவில் புதுக் கும்மிக் குழுவுக்கு அரங்கேற்றம். பழைய ஆட்களும் சேர்ந்து நிற்பதாக ஏற்பாடு. குழந்தையம்மாள் வந்து, "சேர் போட்டு உக்கார வைக்கறோம் அக்கா, ஒட்டுக்கா போலாம்," என்றபோது, "நான் வரலீம்மா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழகும் இடத்திலிருந்து போனில் வீடியோ அனுப்பினார்கள். பாதி பார்ப்பதற்குள் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஒரே ஒருதரம் அந்த வளையத்துக்குள் மறுபடி நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக் கேட்டு வாங்குகிற இடம் எதுவும் இல்லை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

கவிழ்ந்து கிடந்த போனைப் பாலுசாமி பார்த்தார்.

"கும்மியைத்தானே கேக்கோணும் உனக்கு? ஊட்டுக்குள்ளயே கொண்டாந்துபோடறேன் இரு."

மைக்செட் வைத்திருக்கிற சாமுவேலைப் பிடித்தார். பக்கத்து ஊர் நிகழ்ச்சி ஒன்றில் மிக்சர் போர்டிலிருந்தே நேராக ஒயர் இழுத்துப் பதிவு செய்தார். காற்றுச் சத்தம் இல்லை, கூட்டத்தின் சலசலப்பு இல்லை, கூம்பு ஸ்பீக்கரின் கரகரப்பும் இல்லை. மறுநாள் காலை ஜன்னலைச் சாத்தி, வாக்கரோடு அவளை நடத்திவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். முகத்தில் மாப்பிள்ளைக் களை.

காளிச்சாமி கூடத்தில் வந்து நின்றார். அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் முத்து முத்தாக விழுந்தது. அடி முடிவில் அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆறு வருஷம் அவர் பாட்டுக்கு ஆடியவள், அவர் குரல் இத்தனை இனிப்பு என்று அன்றுதான் அறிந்தாள்.

"இப்ப?"

"நல்லா இருக்குதுங்க."

பாலுசாமி ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வழக்கம்போல வாடிவிட்டு எழுந்து போகவில்லை.

"தெய்வா, எனக்காகச் சொல்ல வேண்டாம். என்ன இல்லை அதுல?"

அவள் தன் கையைப் பார்த்தாள். பாட்டு ஓடிய நேரம் முழுக்க அது மடியில் சும்மாவே கிடந்தது.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு புள்ள."

"எங்களைக் காணமுங்க. வாத்தியாரு இருக்காரு. தவிலு இருக்குது. அத்தனை பேரு கைதட்டினமே, அது எங்கீங்க போச்சு?"

பாலுசாமிக்கு உடனே புரிந்தது. மைக் இருந்தது வாத்தியார் வாயருகிலும் தவில் பக்கத்திலும். ஒயர் இழுத்தது மைக்கிலிருந்து. சுத்தம் சுத்தம் என்று சுத்தம் செய்ததில் கும்மியையே துடைத்துவிட்டிருந்தார்.

"அட கெரகமே," என்றார்.

அடுத்து, வளையத்துக்கு நடுவே வாத்தியார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் ரெக்கார்டரை வைத்துப் பதிந்து வந்தார். இந்த முறை கைதட்டல் இருந்தது. சுற்றி வைத்த ஸ்பீக்கர்களுக்கும் முதன்முறையாக உருப்படியான வேலை கிடைத்தது. தெய்வாத்தாள் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக் கேட்டாள்.

"இது வாத்தியாரு நிக்கற இடமுங்க. அவருக்குத்தான் எல்லாரும் ஒரே தூரம்." இந்தத் தடவை அவர் கேட்காமலே சொன்னாள். "எனக்கு அப்படி இல்லீங்க. எடது காதுல குழந்தையம்மா வளையலு. நெம்பக் கிட்ட. அவளுக்குக் கொஞ்சம் இழுப்பு இருக்குது பாருங்க, அந்த மூச்சுகூடக் கேக்கும். வலது பக்கம் யாராச்சும் புதுசு. எதுத்தாப்பல நிக்கறவங்க தட்டறது அக்கட்டால இருந்து ஒரு நூல் பிந்தி வரும். திரும்பினா எல்லாமே திரும்பும். வாத்தியாரு குரலு முன்னால இருந்து முதுகுக்குப் போயிரும். அதானுங்க கும்மி."

இத்தனை வருஷத்தில் பாட்டைப் பற்றி அவள் ஒட்டுமொத்தமாகப் பேசியதைவிட அது அதிகம். பாலுசாமி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

வளையத்தில் தெய்வாத்தாளின் இடத்தில் ஒரு மைக் ஸ்டாண்டை நிறுத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நிறுத்தினார். முதல் சுற்றிலேயே அது குழந்தையம்மாள் காலில் விழுந்தது. இந்த வளையம் நிற்பதில்லை, நகர்வது. நடந்ததை மறுநாள் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினாள் குழந்தையம்மாள்.

"நான் சொல்லிப்போட்டேன் அக்கா. 'ஏனுங்ணா, ஸ்டாண்டு ஆடாதுங்க. நீங்க ஆடினாத்தான் ஆகும்'னு. வாத்தியாரும், 'எடம் காலியாத்தானே இருக்குது, நில்லுங்க'ன்னுட்டாரு. அண்ணன் மூஞ்சியைப் பாக்கோணுமே!"

"அவரா? ஆடுவாரா?" தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது.

ஆனால் அடுத்த வாரம் ஒரு காலையில், தையல் மெஷின் பக்கத்து ஜன்னல் வழியாக அதைக் கண்ணாலேயே பார்த்தாள். தோப்பில் இரண்டு தென்னைக்கு நடுவே பாலுசாமி தன்னந்தனியாகக் குனிந்து தட்டினார், நிமிர்ந்து தட்டினார், திரும்பும்போது தன் காலில் தானே இடறி மரத்தைப் பிடித்துக்கொண்டார். கட்டியிருந்த மாடு மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

தெய்வாத்தாளால் பொறுக்க முடியவில்லை. "எடது காலுங்க!" என்று ஜன்னலில் நின்று கத்தினாள். "திரும்பறப்ப எடது!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ பாத்துட்டு இருக்கியா?"

"மாடே பாக்குதுங்க, நான் பாத்தா என்ன? மறுக்கா வைங்க." கைவிரல் மோதிரத்தால் வாக்கரின் அலுமினியக் கம்பியில் தாளம் தட்டத் தொடங்கினாள். டக், டக், டக். அன்றிலிருந்து தினமும் காலையில் அது நடந்தது. அவர் பிந்துவார், அவள் வைவாள். உள்ளுக்குள் அவளுக்கு என்னவோ போலிருந்தது. தன் கூடத்தில் நாற்காலி விரற்கடை நகர்ந்தால் பொறுக்காத மனுசர், அறுபது தாண்டின வயதில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, போய் நின்று இடறுகிறார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால், "முட்டியை மடக்குங்க, உலக்கையாட்டம் நிக்காதீங்க," என்று சொன்னாள்.

தை பிறந்த பிறகு ஒரு மாலை, தலையில் உருமால் கட்டிக்கொண்டு கிளம்பினார். உருமாலின் மடிப்பில், இரண்டு காதோரமும், சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மைக் ஒவ்வொன்று செருகியிருந்தது. ஒயர் முதுகு வழியாக இறங்கி இடுப்பு ரெக்கார்டருக்குப் போனது. மழிக்காத முகமும் அதுவுமாக, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் கரண்ட் வேலைக்கும் போகிறமாதிரி இருந்தது.

கேட்பது என்று வந்தபோது இன்னொரு சிக்கல். காதோரம் பிடித்த சத்தத்தைக் காதோரம்தான் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொடுத்தால் கலங்கிவிடுகிறது. ஜமுக்காளம், கறுப்பு டேப், இடுப்புயரப் பெட்டிகள் எதற்கும் வேலையில்லை. ஹெட்போன் என்றாலே, "காதுல பஞ்சை அடைச்ச மாதிரி," என்று முகம் சுளிப்பவர், மகள் கனிஷ்கா பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன ஹெட்போனை அலமாரியில் தேடி எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, மனைவியின் தலையில் தானே மாட்டிவிட்டார். நாற்காலியை டேப்பிலிருந்து இழுத்து ஜன்னலோரம் போட்டார். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வலித்திருக்கும்.

முதலில் புழுதியில் செருப்புச் சத்தம். யாரோ செருமினார்கள். இடது காதுக்குப் பக்கத்தில், தோளை இடிக்கிற தூரத்தில், குழந்தையம்மாள்: "அண்ணா, இன்னைக்காச்சும் என்ற காலை மிதிக்காதீங்க."

தெய்வாத்தாள் சட்டென்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கம்பி இருந்தது.

வாத்தியார் தூரத்தில் எடுத்துக் கொடுத்தார். தட்டு விழுந்தது. இடதில் ஒன்று, வலதில் ஒன்று, நூல் பிந்தி எதிர்ப்பக்கத்திலிருந்து சடசடவென்று மொத்தமும். குழந்தையம்மாளின் கண்ணாடி வளையல் ஒரு தட்டுக்கு ஒருமுறை இறங்கி ஏறியது. பிறகு திருப்பம் வந்தது. வாத்தியார் குரல் முன்னாலிருந்து காதைச் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் போனது. கண்ணை மூடியிருந்த தெய்வாத்தாளின் இடது பாதம், செருப்புக்குள் இருந்தபடியே, அடுத்த திருப்பத்துக்கு அரைத் தட்டு முன்னால் தயாரானது. கைகள் அதுபாட்டுக்கு எழுந்து தட்டின. உள்ளங்கை காந்துகிற மட்டும் தட்டினாள். எதிரே நின்ற பாலுசாமிக்குக் கேட்டதெல்லாம், சத்தமே இல்லாத வீட்டில் ஒருத்தி மட்டும் கைதட்டுகிற சத்தம்தான். அதை அவர் அசையாமல் நின்று கேட்டார்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப?" என்றார், மெதுவாக.

"உங்க கை எப்பப் பாத்தாலும் பிந்துதுங்க."

பாலுசாமியின் முகம் மலர்ந்தது.

"அப்புறம் நடுவுல 'எடது, எடது'ன்னு முணுமுணுக்கறீங்க. மூணாவது பாட்டுல இருமிப்போட்டீங்க. துண்டு காதுல ஒரசற சத்தம் வேற." அவள் நிறுத்தவில்லை. "காதுக்கு அத்தனையும் வந்துருச்சுங்க. காலுக்கு வரலை. அத்தனை பேரு ஒட்டுக்கா மிதிக்கறப்ப மண்ணு உள்ளங்காலுல அதிரும் பாருங்க, அது வரலை. அதைக் கொண்டார முடியாதுங்களா?"

"அதுக்கு மிசினு இல்லை புள்ள."

"சரி, போச்சாது. முக்கால்வாசி வந்துருச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுக்கா போடுங்க," என்றாள்.

வாத்தியார் அவரை விடவில்லை. அரங்கேற்றத்துக்கும் அந்த இடத்தில் நீங்களே நில்லுங்கள் என்றுவிட்டார். அப்படியானால் தானும் வருவதாகத் தெய்வாத்தாள் சொன்னாள். உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டு அல்ல. தன் இடத்தில் நின்று இவர் என்ன கூத்து அடிக்கப் போகிறார் என்று பார்க்காமல் இருக்க முடியாது.

மாசி நோம்பியில், கோயில் மைதானத்தில், வளையத்தின் ஓரமாக அவளுக்கு நாற்காலி போட்டார்கள். முன்னால் வாக்கர். தலைக்கு மேலே கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர். பாட்டு எடுத்ததும் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தகர டப்பாவுக்குள் கல். அத்தனை பேர் நேரில், கண் முன்னால் தட்டுகிறார்கள். ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் இருந்த கும்மி இங்கே இல்லை. வெளியில் நிற்கிறவனுக்கு இப்படித்தான் கேட்கும் என்பது உள்ளே இருந்த ஆறு வருஷமும் அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது. அன்றைக்குத் திரும்பிப் போன மனுசரை எத்தனை பேச்சு பேசினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வளையம் நகர்ந்து வந்தது. நாற்காலியைக் கடக்கும்போது மட்டும், கூம்பின் அலறலையும் மீறி, பத்துப் பதினைந்து கைகளின் சத்தம் பட்பட்டென்று அவள் மேல் விழுந்து போனது. குழந்தையம்மாளின் வளையல், அதை ஒட்டி ஒரு நூல் பிந்திய தட்டு. வெள்ளை வேட்டியும் உருமாலுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, பாலுசாமி இடது காலை எடுத்து வைத்தார். சரியாகத்தான் வைத்தார். அவளையறியாமல் மோதிரக்கை வாக்கர் கம்பியில் விழுந்தது. டக், டக், டக். கால் பெருவிரலை மண்ணில் அழுத்தி வைத்துப் பார்த்தாள். லேசாக அதிர்ந்தது.

மறுநாள் காலை, தோப்புக்குப் போகும் முன் அவர் ஹெட்போனைக் கொண்டுவந்து நீட்டினார். உருமாலில் அன்றைக்கும் மைக் இருந்திருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை.

அவள் மாட்டிக்கொண்டாள். கூம்பு ஸ்பீக்கர் எங்கோ தள்ளிப் போய்விட்டது. தட்டுகள் பக்கத்தில் வந்தன. வளையல், மூச்சு, பிந்துகிற கை. சுற்று பாதி போனபோது, எல்லாத் தட்டுக்கும் நடுவே வேறு ஒரு சத்தம் முன்னாலிருந்து மெல்லக் கிட்டத்தில் வந்தது. கம்பியில் உலோகம் படுகிற சத்தம். டக், டக், டக். காதோரம் வந்து, உரசி, பின்னால் போய்த் தேய்ந்தது. அடுத்த சுற்றில் மறுபடி வந்தது. அதற்கடுத்த சுற்றிலும்.

தெய்வாத்தாள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள்.

"ஏனுங்க, இங்க வந்து கேளுங்க. இத்தனை நல்லாப் போயிட்டு இருக்கறப்ப, ஓரமா உக்காந்து டக்கு டக்குன்னு கம்பியில தட்டித் தாளத்தைக் கெடுக்கறாளே, யாருங்க அவ?"